தையல் விழுந்த நோட்டுகள்

காசு மாற்றுகிற கடைக்காரர் முதல் நோட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டாவதை. மூன்றாவதை எடுக்கும்போதே தையற்காரி மேஜைமேல் குனிந்து எட்டிப் பார்த்தாள். சற்றுமுன் வரைக்கும் அந்த மனுஷன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது?

"என்னக்கா இது? எல்லா நோட்டுலயும் வரிசையா ஓட்டை?"

இந்த அந்நிய ஊரில் தமிழ் பேசுகிற ஆள் என்றுதான் அவளும் கணவரும் மூன்று கடைகளைத் தாண்டி இங்கே வந்திருந்தார்கள். நூறு டாலர் நோட்டுகள் இருபதையும் உள்பாவாடைப் பட்டிக்குள் வைத்து, பயணத்தில் நழுவிவிடக் கூடாதே என்று மெஷினில் மேலும் கீழுமாக ஓட்டியவள் அவள்தான். "கையால ரெண்டு தையல் போட்டா போதாதா?" என்று கேட்ட கணவரை, "முப்பது வருஷமா தைக்கிறேன், எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்று அடக்கியவளும் அவள்தான். சும்மா சொல்லக்கூடாது, தையல் படு நேர்த்தி. ஒரு நோட்டுகூடத் தப்பவில்லை.

"எங்க ஊர்ல கிழிஞ்ச நோட்டே போகுமே தம்பி," என்றார் கணவர்.

"இங்க பேனாக் கோடு இருந்தாலே பேங்க்ல திருப்பிக் குடுத்துடுவாங்க ஐயா. கால்வாசி கழிச்சுக்கிட்டு எடுத்துக்கிறேன். அதுவும் உங்க முகத்துக்காகத்தான்."

கால்வாசியா! வேலைக்கு வந்த இடத்தில் மாடிப்படியில் உருண்ட மகள், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பன்னிரண்டு மணிக்குள் முன்பணம் முழுசாகக் கட்டினால் இன்றைக்கே ஆபரேஷன். இல்லையென்றால் டாக்டர் வர அடுத்த வாரம் ஆகும். அதுவரை தள்ளிப்போட்டால் பழையபடி நடப்பது சந்தேகம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

போன் அடித்தது. மகள்தான்.

"மாத்தியாச்சாம்மா? நர்ஸ் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ஆச்சுடி கண்ணு. இதோ கிளம்பிட்டோம்."

வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற மனிதர், "குடுத்துடு" என்று மட்டும் சொன்னார். பாவி மனுஷன், நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால்தான் என்ன? நோட்டுகளைக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். பணம் வாங்குகிற பெண் நோட்டுகளை மெஷினில் விட்டு எண்ணினாள். குறைகிற தொகையை ஒரு தாளில் எழுதி, கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினாள். கணவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார். "மிச்சத்தை நாளைக்குள்ள கட்டிடுறோம்மா, நீ நல்லா இருப்பே," என்றார், அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து. அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கினாள்.

அப்போதுதான் வராந்தாக் கோடியில் மகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். இடப்பக்கம் திரும்பினால் ஆபரேஷன் தியேட்டர். வலப்பக்கம் வார்டு. தள்ளுகிற ஆள் முச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு, காதில் போனை வைத்தபடி யார் சொல்லுக்கோ காத்து நின்றான். மகள் தலையை மெல்லத் திருப்பினாள். அம்மாவைப் பார்த்ததும், எல்லாம் கட்டியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் முகமெல்லாம் சிரித்து, போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து ஆட்டினாள்.