எட்டுக் கோழிப் பெட்டி

அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு நான்காவது மாடிக்குக் குடிபோகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் குறிவைத்தார்கள். தம்பி மட்டும் அவளுடைய ஐந்து கோழிகளைக் கேட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்பவனுக்கு, வீடு திரும்பினால் கொல்லையில் நாலைந்து உயிர் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும் என்று ஆசை.

"நீயா வளர்க்கப்போறே? தொட்டிச் செடிக்கே தண்ணி ஊத்த மாட்டே," என்றாள் அக்கா. "முதல்ல கூண்டு வாங்கு. நான் வந்து பார்ப்பேன். எனக்குத் திருப்தின்னா அஞ்சும் உனக்கு. இல்லேன்னா சனிக்கிழமை கறிக்கடைக்காரர் எடுத்துட்டுப் போவார். பூனை வாயில உயிரோட கிழிபடறதுக்கு அது மேல்."

மறுநாளே மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனான். சிவப்புக் கூரையும் பச்சைக் கதவுமாக ஒரு மரக்கூண்டு கண்ணைப் பறித்தது. மேலே ஒட்டிய அட்டையில் 'எட்டுக் கோழிகளுக்கு' என்று அச்சடித்திருந்தது. அவனுக்கு அது போதும். லிஃப்டுக்குள் 'எட்டுப் பேர்' என்று தகடு அடித்திருந்தால் எட்டுப் பேர்தான். அந்தத் தகட்டை நம்பித்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது.

"அஞ்சு கோழிக்கு எட்டுப் பேர் பெட்டி. மூணு இடம் சும்மாதான் கிடக்கும்," என்றான்.

மனைவி குனிந்து உள்ளே பார்த்தாள். "ஏங்க, எழுதினவன் கோழியைப் பார்த்து எழுதினானா, முட்டையைப் பார்த்து எழுதினானா?"

"கணக்குப் போடாமலா எழுதுவாங்க?"

பட்டுத் தெளியட்டும் என்று அவள் பர்ஸை எடுத்து நீட்டினாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். ஒரு கக்கத்தில் குண்டம்மா என்கிற பெரிய கோழி. மறுகையில் மீன்தலைப் பொட்டலம். கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குண்டம்மாவை உள்ளே விட்டாள். குண்டம்மா திரும்பப் பார்த்தது, வால் இடித்தது. நிமிரப் பார்த்தது, கொண்டை இடித்தது. வந்த வழியே பின்பக்கமாக வெளியேறியது.

"லிஃப்டுல எட்டுப் பேர் நிப்பாங்க, சரி. அதுக்குள்ளேயே குடும்பம் நடத்தச் சொல்லுவியா?" என்றாள் அக்கா.

பிறகு மீன்தலைகளை உள்ளே வைத்துக் கொக்கியை மாட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்குவதால் வசூல்காரன் என்று பெயர் வாங்கிய பக்கத்து வீட்டுப் பூனை மதிலிலிருந்து குதித்தது. அகலக் கண் வைத்த கம்பிவலைக்குள் கைவிட்டு ஒரு தலையை இழுத்தது. அது போதாதென்று கொக்கியைத் தட்டிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டது.

"நல்ல ஓட்டல் கட்டியிருக்கே," என்று சொல்லிவிட்டுக் குண்டம்மாவோடு அக்கா நடையைக் கட்டினாள்.

தம்பிக்கு முகம் தொங்கிப்போயிற்று. மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மனைவியோடு அவன் போனபோது கடைக்காரர் முனகினார். மனைவி இரண்டு வார்த்தை பேசியதும் முனகலை நிறுத்தினார்.

இந்தத் தடவை அவன் அட்டைப் பக்கமே திரும்பவில்லை. ஆள் நிமிர்ந்து நுழையும் பெரிய கூண்டு ஒன்றை, லிஃப்டைச் சோதிப்பதுபோலச் சோதித்தான். வலைக்கண்ணில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தான், நுழையவில்லை. கூரையடியில் காற்று போக வழியிருக்கிறதா, கோழிகள் ஏறி உறங்கும் கட்டையில் ஐந்தும் இடிக்காமல் உட்காருமா என்று பார்த்தான். முன்னால் வலையடைத்த நடைப்பகுதி நீளமாக இருந்தது. கதவைப் பிடித்து உலுக்கினான்.

"தாழ்ப்பாள் ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணு கழண்டா இன்னொண்ணு பிடிக்கணும்."

"கோழிக்குத்தானேங்க கேக்கறீங்க? பேங்குக்கு இல்லையே?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாவது தாழ்ப்பாளை அவனே அடித்தான். எது தோண்டினாலும் உள்ளே வராதபடி, அடிவலையை வெளிப்பக்கம் மடித்துப் பரப்பிக் கல் ஏற்றினான்.

சனிக்கிழமை காலை அக்கா ஐந்து கோழிகளோடும் மீன்தலைகளோடும் வந்தாள். கோழிகளைக் கூடையிலேயே மூடி வைத்துவிட்டு மீனை உள்ளே போட்டாள். வசூல்காரன் வலையைப் பிராண்டியது, தாழ்ப்பாளைத் தட்டியது, மண்ணைத் தோண்டியது, கூரைமேல் ஏறிக் கத்தியது. கடைசியில் தம்பியை முறைத்துவிட்டு மதில் ஏறிப் போய்விட்டது.

அக்கா கோழிகளை உள்ளே விட்டு, தானும் பின்னாலேயே நுழைந்தாள். தம்பி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டான்.

"டேய், திறடா."

"கோழி யாருக்குன்னு சொல்லு, திறக்கறேன்."

"உனக்குத்தான், எடுத்துக்கோ. கறிக்கடைக்காரருக்கு நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பரீட்சை?"

"பயமுறுத்தாம இருந்தா நீ ரெண்டாவது தாழ்ப்பாள் போட்டிருப்பியா?"

அவன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். அக்கா வரவில்லை. குண்டம்மா அவள் காலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. "கொஞ்ச நேரம் இருக்கேண்டா. அந்த மாடியில பால்கனி கூட இவ்வளவு நீளம் இல்ல."

"அண்ணி, அங்கேயே இருங்க," என்று மனைவி ஒரு முக்காலியையும் டீயையும் உள்ளே நீட்டினாள்.

அடுத்த வாரம் தம்பி கூண்டுக் கதவில் ஒரு தகடு அடித்தான், லிஃப்டுக்கு அடிப்பதுபோலவே. 'கொள்ளளவு: ஐந்து கோழி, ஓர் அக்கா.'