வரவில்லை

அட்டையை உயர்த்திப் பிடித்திருக்கிறேன், அதில் ம, எதிரே பேச்சியம்மா, ஆறு வயது, அட்டையைப் பார்க்காமல் என் வாயையே பார்க்கிறாள், சொல்லு பிள்ளே, உன் பேர்ல இருக்கிற எழுத்துதானே, சொல்ல மாட்டாள், பேச்சின்னு பேர வச்சிக்கிட்டுப் பேசவே மாட்டேங்கா டீச்சர் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள், நானும் கூடச் சிரித்திருக்கிறேன், உப்பளத்துக்குப் போகிற வழியில் அவள் அம்மா சுடலைவடிவு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள், இவள் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வாள், மாத மதிப்பீட்டுப் பதிவேட்டில் வாசிக்கிறான், எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதிக்கொண்டே வந்து இவளுக்கு நேரே வரவில்லை என்று எழுதினேன், எழுத்து வரவில்லை என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர், மூன்று மாதமும் அதே சொல்.

மதிப்பீட்டைச் செல்போனில் ஏற்றுகிறவர் தலைமையாசிரியர் சாலமோன் சார், கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு கேட்கிறார், இந்தப் பேச்சியம்மா மூணு மாசமும் வரலன்னு போட்டிருக்கே, நின்னுட்டாளா டீச்சர், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அது இல்ல சார் என்று நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் பள்ளிக்கே வராதவள் என்று செல்போனில் ஏறி அவள் கணக்கில் இல்லாமல் போனதால் என் வகுப்பில் எல்லாருக்கும் எழுத்துத் தெரியும் என்று ஆகியிருந்தது, வட்டாரக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டியிருந்தார்கள், அந்தக் கைதட்டல் காதிலிருந்து போகவில்லை, தலையை ஆட்டினேன், அவர் சிவப்பு மையால் பெயரை அடித்தார். அதற்குப் பிறகும் அவள் வந்தாள், மீதிப் பதினெட்டுப் பெயரைக் கூப்பிட்டுப் பதிவேட்டை மூடிவிடுவேன், அட்டை காட்டுவதில்லை, என் கண் சுவரோரத்தைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது, பிள்ளைகள் கேலியை விட்டார்கள், சத்துணவு ஆயா அவளுக்குத் தட்டு வைப்பதை விட்டாள், சில நாள் அங்கே வெறும் சுவர்தான் தெரிந்தது, அதுவும் வகுப்பிலா கனவிலா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் மழை, சாயங்காலம், காலில் உப்புச்சேற்றோடு சுடலைவடிவு வாசலில் நிற்கிறாள், புள்ள இன்னும் வீட்டுக்கு வரல சார், சாலமோன் சார் பதிவேட்டை விரித்துக் காட்டுகிறார், அவ பேரே இல்லியேம்மா, நின்னு ரெண்டு மாசமாச்சே, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, காலையில நான்தான சார் கொண்டாந்து விட்டேன் என்றவள் என் பக்கம் திரும்பினாள், நீங்க சொல்லுங்க டீச்சர், இன்னைக்கு வந்தாளா வரலியா. அன்று நான் சுவரோரம் பார்க்கவே இல்லை, பார்க்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம், பயம், வேலை போய்விடும் என்ற பயம், வரவில்லை என்றேன். பேருந்து நிலையத்தில் தேடினார்கள், உப்பளத்தில் தேடினார்கள், கிணற்றில் ஆள் இறக்கினார்கள், பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் யாரும் தேடவில்லை.

அட்டையை உயர்த்திப் பிடித்திருக்கிறேன், வேறு வருடம், எதிரே வேறு பிள்ளை, அது வாய் திறக்கும் முன்னே சுவரோரத்திலிருந்து சின்னதாக ஒரு குரல், ம, அடுத்த அட்டையை எடுக்கிறேன், அதுவும் சரி, அதற்கடுத்ததும் சரி, எதிரே இருக்கிற பிள்ளை ஒன்றும் கேட்காததுபோல் என் வாயையே பார்க்கிறது, பேச்சியம்மாவுக்கு எல்லா எழுத்தும் வந்துவிட்டது, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவேட்டை மேலிருந்து கீழாகத் தேடுகிறேன், எழுத அவள் பெயர் இல்லை.