தொட்டில் வீட்டுக் கண்ணன்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை "நான்" என்றுதான் தொடங்கினேன். மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. அடித்துவிட்டு "ராதாமணி" என்று எழுதினேன். பிறகு கொஞ்சம் ஓடியது.

2

மதுரையில் மகாலுக்குப் பக்கத்துச் சந்து. ராதாமணியின் புகுந்த வீட்டாருக்கு ஒரு வெண்கலக் குழந்தை உண்டு. தவழும் கண்ணன், ஒரு முழ நீளம். (முந்நூறு ஆண்டுப் பழசு என்று எழுதினேன். தெரியாததை எழுதுவானேன் என்று நீக்கிவிட்டேன்.) சொந்தத்துக்குள் எந்த வீட்டில் தொட்டில் தொங்குகிறதோ, அந்த வீட்டில்தான் அது இருக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டிய கையோடு அதையும் குளிப்பாட்ட வேண்டும். தொட்டிலைக் கழற்றினால் அடுத்த தொட்டில் வீட்டுக்குப் போய்விடும்.

ராதாமணியின் மகன் சாய்பிரசாத் பதினோராவது மாதத்தில் காய்ச்சலில் போனான். தொட்டிலை

(நான்கு நாளாக இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்க்கிறேன். இப்படியே இருக்கட்டும்.)

3

கண்ணனின் முகத்தை வர்ணிக்க வேண்டும். "அழகிய கண்கள்." பொய். கண்ணே இல்லை, மூக்கும் உதடும் இல்லை. உள்ளங்கால் ரேகை இருக்கிறது, முழங்கால் மடிப்பில் சதை பிதுங்கியிருக்கிறது. முகம் மட்டும் ஆற்றுக் கூழாங்கல்போல வழுவழுவென்று ஆகிவிட்டது. யாரும் சிதைக்கவில்லை. எண்ணெயும் பயத்தமாவுமாய்த் தேய்த்துத் தேய்த்து, தாய்மார்களின் உள்ளங்கைகள் கொண்டுபோய்விட்டன.

4

பிள்ளை போன முப்பதாம் நாள் நாத்தனார் ஸ்ரீலட்சுமி தல்லாகுளத்திலிருந்து வந்தாள். அவள் பிள்ளைக்கு இரண்டு மாதம். குளியலறையில் ராதாமணி கண்ணனுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஆட்டோ நிக்குது. எடுத்துட்டுப் போறேன்."*

"இரு. தலை ஈரமா இருக்கு. பாலத்துல காத்தடிக்கும், சளி பிடிச்சுக்கும்."

"வெண்கலத்துக்கு எங்க அண்ணி சளி பிடிக்கும்?"

"ஆமா, உங்கம்மா இதுக்குச் சாம்பிராணியே போட்டதில்ல பாரு."

ஸ்ரீலட்சுமி சிரித்துவிட்டாள். குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அண்ணி... அப்படியே எம்புள்ள மொகம்."

இத்தனை நாளும் ராதாமணி அதில் சாய்பிரசாத்தைத்தான் பார்த்திருந்தாள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். அப்போதுதான் உறைத்தது. வளர்ந்தவர்கள், வளராமலே போனவர்கள், அத்தனை பிள்ளைகளையும் இந்த இத்தனூண்டு முகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

* பேசியது சௌராஷ்டிர மொழியில். தமிழில் எழுதுவது நான்.

5

முடிவு ஒன்று: கொடுத்துவிட்டாள். அதை எழுதினால் அவள் கை காலியாகிறது.

முடிவு இரண்டு: கொடுக்கவில்லை. அதை எழுதினால் தல்லாகுளத்தில் ஒரு பிள்ளை தனியாகக் குளிக்கிறது.

எது நடந்ததென்று எனக்குத் தெரியும். எழுத வரவில்லை. வெளியே ஆட்டோக்காரர், "எக்கா, வாறீகளா?" என்கிறார். ஸ்ரீலட்சுமி துண்டை விரித்தபடி நிற்கிறாள். கண்ணனை நீங்கள் சற்று வாங்கிக்கொள்ளுங்கள். கனக்கும், இரண்டு கையாலும் பிடியுங்கள். முகத்தைப் பாருங்கள். யாரிடம் தருவதென்று அப்புறம் முடிவுசெய்யலாம்.

முதலில் தலையைத் துவட்டிவிடுங்கள்.