இரண்டாம் எழுத்தின் அழுத்தம்

அலெக்ஸாண்ட்ரியாவின் அந்தப் புத்தகக் கடையில் மேசைகளை ஒதுக்கி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் எழுத்தாளர் இன்ஷிராஹ்; மரியாதையாக எல்லாருக்கும் 'உஸ்தாஸா', அதாவது ஆசிரியை. எதிரே வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் நாற்பது பேர், எல்லாம் கல்லூரி வயது. முதல் வரிசையில் பதிப்பாளர் ஷுக்ரி, அவளுடைய புது நாவலின் கையெழுத்துப் படியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அறுநூறு பக்கம், பதினொரு வருட உழைப்பு. அதை நூற்றைம்பதாக வெட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் ஷுக்ரி. பதிப்பகத்தை அவர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. வரும் வழியிலேயே காரில் பந்தயம் கட்டியாகிவிட்டது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க போனைத் தவிர எதையும் படிக்கிறதில்ல, உஸ்தாஸா. உங்க முதல் நாவலைப் படிச்ச ஒரே ஒரு ஆளை இன்னிக்குக் காட்டுங்க. ஒரு வரி வெட்டாம அச்சடிக்கிறேன். இல்லேன்னா நான் சொல்றபடி வெட்டணும்."

"சரி" என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

மற்ற நாற்காலியில் இருந்த வட்டத்துப் பையன் ஹாஸிம், நிகழ்ச்சித் தொகுப்பாளன், மைக்கைப் பிடித்தான். "நம்ம எல்லாரையும் உலுக்கிப்போட்ட நாவல், 'நாஸ்லியின் ஹம்மாம்'!"

இன்ஷிராஹ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய முதல் நாவலின் தலைப்பு 'நாஸ்லியின் ஹமாம்'. புறாக்கள். மொட்டைமாடியில் புறா வளர்க்கும் விதவை நாஸ்லியின் கதை. இரண்டாம் எழுத்தை அழுத்திச் சொன்னால் ஹம்மாம், அதாவது பொதுக் குளியல் கூடம். அரபியில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். அழுத்தக் குறியை அச்சில் யாரும் போடுவதில்லை. ஆனால் முதல் பக்கத்தைப் புரட்டியவர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

திருத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். படித்தவர் யாராவது திருத்தட்டும். ஒருவர் போதும்.

"அந்த நீராவிக்குள்ள பொம்பளைங்க மனசு விட்டுப் பேசுற இடம், அப்பப்பா! அழுதுட்டேன்" என்றான் கண்ணாடி போட்ட ஒருவன்.

அழுதானாம்! நாவலில் ஒரு சொட்டு வெந்நீர் கிடையாது.

"குளியலை விடுதலையோட அடையாளமா வச்சீங்களா, உஸ்தாஸா?"

"அழுக்குப் போகட்டும்னுதான் வச்சேன்" என்றாள். பலத்த கைதட்டல்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ஒவ்வொரு வாயிலும் ஹம்மாம். ஷுக்ரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடம். அறுநூறு பக்கத்தில் எந்த நானூற்றைம்பதைச் சாகக் கொடுப்பது என்று இன்ஷிராஹின் மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

கடைசி வரிசையில் ரவான் என்ற பெண் எழுந்தாள்.

"டேய் ஹாஸிம், ஹம்மாம் இல்லடா, ஹமாம். புறா!"

இன்ஷிராஹ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "சொல்லும்மா, சொல்லு! எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அட்டையில புறா படம் போட்டிருக்கே, உஸ்தாஸா."

கடையே சிரித்தது. ரவானும் சேர்ந்து சிரித்தாள். இன்ஷிராஹ் தொப்பென்று உட்கார்ந்தாள். தோற்றாயிற்று.

ஷுக்ரி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் கிடந்த முதல் நாவலின் பிரதியை எடுத்து, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புறாவா?" என்றார் மெல்ல. "வரைஞ்சவன் சும்மா அழகுக்குப் போட்டான்னுல்ல நினைச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். "மடியில இருக்கே, அதையாவது படிச்சீங்களா?"

"அறுநூறு பக்கம், உஸ்தாஸா..." என்று இழுத்தார். "வெட்டினதுக்கப்புறம் படிக்கலாம்னு இருந்தேன்."

பிள்ளைகள் தற்படம் எடுக்க முண்டியடித்து வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், அவர் மடியிலிருந்த காகிதக் கட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"பந்தயத்துல தோத்தது நீங்க" என்றார் ஷுக்ரி.

"தோத்தேன். யாரு இல்லேன்னு சொன்னது? ஆனா படிக்காத கையில வெட்டக் கொடுக்க மாட்டேன்."

"இதைத் தூக்கிட்டு எங்க போவீங்க? வேற எந்தப் பதிப்பாளர் முழுசாப் படிப்பார்?"

கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடையை விட்டு வெளியேறினாள்.