சுள்ளிக் கால்கள்

மேசையைத் துடைக்கும்போது என் முழங்கை பட்டு முள்ளெலி கீழே விழுந்தது. பைன் காயில் செய்த முள்ளெலி. நான்கு சுள்ளிக் கால்கள், கருப்பு விதையில் இரண்டு கண்கள். ஒரு கால் கழன்று எங்கேயோ ஓடிவிட்டது. நான் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தம்பியின் முஷ்டி என் வாயில் இறங்கியது. முன்பல் நாக்கின் மேல் வந்து விழுந்தது. கல் என்று நினைத்துத் துப்பினேன். இரண்டாவது அடியில் காது அடைத்தது. மூன்றாவதைக் கதவு வாங்கிக்கொண்டது. பிறகு அவன் கை தானாகவே இறங்கிவிட்டது. என் மோவாயில் வழிந்த ரத்தத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அழுதுகொண்டே கேட்டான்: “அக்கா, யாரு உன்னை அடிச்சா?”

“வழுக்கி விழுந்துட்டேன்டா” என்றேன். வேறென்ன சொல்வது?

அவன் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். எட்டு வருஷத்துக்கு முன்னால், பாதி அறுத்த மரத்திலிருந்து கிளை முறிந்து அவன் தலையில் விழுந்தது. இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மண்டையோடு கிடையாது. தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். “கோபத்துக்கு நமக்கெல்லாம் ஒரு பிரேக் இருக்கும்மா, இவருக்கு அது அறுந்துடுச்சு” என்றார் டாக்டர். மரத்துப்போன விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் இந்தப் பொம்மை வேலையைப் பழக்கிவிட்டாள். வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்குகிறது. தினமும் காலையில் இருவரும் பை எடுத்துக்கொண்டு போவோம். கீழே விழுந்து கிடப்பதை மட்டும்தான் அவன் எடுப்பான். ஒரு கவட்டைக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “மான்” என்பான். எனக்கு அது குச்சியாகத்தான் தெரியும். சாயங்காலம் பார்த்தால் மேசைமேல் மான் நிற்கும், எதையோ கேட்டுத் திரும்பிய கழுத்தோடு. மரப்பட்டையில் நரிக்கு வால், பாசியில் கரடிக்கு ரோமம், கொட்டைகளின் தொப்பி மாதிரி மூடியில் ஆந்தைக்குக் கண். கத்தியை மட்டும் அவனிடம் கொடுப்பதில்லை. சீவுவதும் துளை போடுவதும் நான். பொருத்துவதும் ஒட்டுவதும் நாரால் கட்டுவதும் அவன்.

நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பூட்டி வைக்கும் மனநல வார்டிலிருந்து வரும் விரிப்புகளைப் பிரிப்பது என் பொறுப்பு. ஓரங்கள் பல்லால் கடித்துக் கிழிந்திருக்கும். கட்டிப்போட்ட வார் அழுத்திய இடங்களில் பழுப்பு வரி ஓடும், எத்தனை சோடா போட்டாலும் போகாது. போலீசில் ஒரு புகார் போனால் தம்பி போகிற இடம் அதுதான். அதனால் எட்டு வருஷமாக நான் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தேன்.

பல் போனதை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பாய்லர் மெக்கானிக் ஒருவர்தான் நேராகவே கேட்டார்: “சிரிப்புல ஒரு ஜன்னல் தொறந்திருக்கே, காத்து நல்லா வருதா?” சிரித்துவிட்டேன். மனைவி இறந்து நான்கு வருஷமாகத் தனியாக இருப்பவர். அப்புறம் தினமும் டீ நேரத்தில் சலவைக்கூடத்து வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வெட்கம் வந்தது.

“எப்படி விழுந்தீங்க?”

“மாடிப்படியில.”

“அந்தப் படிக்கட்டை ஒரு நாள் வந்து பாக்கணுமே.”

எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். மேசை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “தம்பி, இந்த அணில் இப்பவே குதிச்சு என் சட்டைப் பையில விழுந்துடும் போலிருக்கே” என்றார். தம்பி சிரித்தான். வெளியாள் சொல்லி அவன் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது. உள்ளே டீ ஆற்றிக்கொண்டே நான் எங்கெங்கோ போய்விட்டேன். அறையைக் குறுக்கே தடுக்கலாம். அவர் கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாம்.

டம்ளர்களோடு திரும்பியபோது மான் அவர் கையில் இருந்தது. “ஒரு கால் லூசா இருக்கு, லேசா அழுத்திவிட்டா நிக்கும்” என்றபடி கட்டைவிரலை வைத்தார். இரும்பை அழுத்திப் பழகிய விரல். கால் சடக்கென்று முறிந்தது.

தம்பியின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். டம்ளர்களைப் போட்டுவிட்டு நடுவில் பாய்ந்தேன். அவருக்குப் போன அடி என் காதோரம் விழுந்தது. சுவரில் மோதிச் சரிந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். “இதுதானா அந்தப் படிக்கட்டு?”

முதல் அடியை அவர் தம்பியை அடக்குவதற்காகத்தான் அடித்தார் என்று நினைக்கிறேன். தம்பி மேசையோடு சாய்ந்தான். ஆந்தையும் நரியும் கரடியும் தரையில் சிதறி, அவர்கள் காலடியில் மிதிபட்டு நொறுங்கின. கீழே விழுந்துவிட்டால் தம்பிக்குத் திருப்பி அடிக்கத் தெரியாது; சுருண்டு முகத்தை மூடிக்கொள்வான். மெக்கானிக் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். “பொம்பளை மேல கை வைப்பியா? வைப்பியா?” ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி.

“தலையில வேணாங்க! தலையில அடிக்காதீங்க!” என்று கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை. எனக்காகத்தான் அடிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டிருக்கும்போதே அவர் முஷ்டி தகடு வைத்த பக்கம் இறங்கியது. தம்பியின் கண்கள் மேலே செருகின.

சீவும்போது அடியில் வைக்கிற மரக்கட்டை என் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் தூக்கி அவர் தோளில் இறக்கினேன். உள்ளே எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. வலது கை தொங்க, அவர் தம்பியை விட்டு நகர்ந்துவிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு தடவை தூக்கி முதுகில் அடித்தேன். அவர் இடது கையை உயர்த்தி “போதும்மா” என்றார். அதற்கப்புறமும் ஒரு தடவை அடித்தேன். எட்டு வருஷமாக என் உடம்பில் விழுந்ததெல்லாம் அந்தக் கட்டை வழியாக வெளியே போனது. சுகமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி இருமினான். கண்ணைத் திறந்தான். நான் கட்டையைக் கீழே போட்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலில் வந்து நின்றாள். “என்னங்க இது ரத்தம்! போலீசுக்குச் சொல்லட்டுமா?”

சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் என்ன சொல்வாரோ அதில்தான் எல்லாம் இருந்தது.

“வேணாம்” என்றார், என்னைப் பார்க்காமலே. “ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.”

அவருடைய வண்டியை அவரால் ஓட்ட முடியாது, எனக்கு ஓட்டத் தெரியாது. ஆம்புலன்ஸ் வந்தால் கேள்விகளும் கூடவே வரும். தம்பியையும் டாக்டர் பார்க்க வேண்டும். அவர் கையைக் கழுத்தோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிவிட்டேன். மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தோம்.

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

“எதுக்கு? மொத அடிக்கா, மத்த ரெண்டுக்குமா?”

நான் பஸ் வரும் வளைவைப் பார்த்தேன்.

அப்போது துண்டின் முடிச்சு நழுவியது. கை சரிந்ததும் அவர் பல்லைக் கடித்து முனகினார். நான் எழுவதற்குள் தம்பி எழுந்துவிட்டான். அவர் முன்னால் மண்டியிட்டான். அவர் பின்னால் நகரப் பார்த்தார். பெஞ்சின் சாய்மானம் விடவில்லை. தம்பி அந்தக் கையை அடியிலிருந்து ஏந்தினான், உயரம் பார்த்தான், துண்டின் இரண்டு முனைகளையும் அவர் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனான். அவனுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கிழிந்த உதட்டில் நாக்கின் நுனி தெரிந்தது. அவன் மணிக்கட்டுகள் அவர் தொண்டையின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டிருந்தன. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வளைவில் பஸ் திரும்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை. தம்பி, தான் போட்ட முடிச்சை விரலால் தடவிப் பார்த்தான், பிடிக்கவில்லை போலிருக்கிறது. அவிழ்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து மெதுவாகக் கட்ட ஆரம்பித்தான்.