இலவங்காய் ஓட்டுக் கரி

பங்குனி பிறந்தால் போடியில் காற்றுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். பஞ்சுப்பேட்டைகளிலிருந்து இலவம்பஞ்சு கிளம்பித் தெருவெல்லாம் மிதக்கும். என் சாயப் பட்டறை வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நானும் தரையில் இல்லாதது போலிருக்கும். தூக்கத்திலும் அப்படித்தான். கனவில் கருத்தம்மாள் அக்காவின் கிணறு வரும். அதில் செக்கச்செவேலென்று தண்ணீர் கிடக்கும்.

வெறும் கனவென்று தள்ளவும் முடியாது. பட்டறைக்குப் பின்னால் அக்காவின் மல்லிகைத் தோட்டம். மெத்தை உறை நூலுக்கு நான் போடும் சிவப்புச் சாயத்தின் கழிவு ஊறி ஊறி அவள் கிணற்றில் இறங்கிவிட்டது. அந்தத் தண்ணீரைத் தெளித்த மொட்டுகள் லேசாகச் சிவந்துவிட, மார்க்கெட்டில் யாரும் தொடவில்லை. அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"பங்குனி முடியிறதுக்குள்ள உன் கழிவுத் தண்ணி தெளியணும் ஹேமா. இல்லேன்னா பட்டறையப் பூட்டச் சொல்லி நானே மனு குடுப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது நியாயமாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

சுத்திகரிப்பு மிஷின் வாங்க எனக்கு வழியில்லை. பேட்டையில் பஞ்சை எடுத்துவிட்டு மலைபோல் குவித்திருந்த இலவங்காய் ஓடுகள்தான் கண்ணில் பட்டன. காலேஜில் படித்த கெமிஸ்ட்ரி முதல்முறையாக உதவிக்கு வந்தது. ஓட்டை மூடிய தகர டின்னில் சுட்டுக் கரியாக்கி, நொறுக்கி, ஏழு தடவை கழுவினேன். குழாய் வைத்த நீல டிரம்மில் அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கு மேல் கரி. நேற்று மாலை அதைக் கொல்லையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை அக்காவைக் கூப்பிட்டேன். கிணற்றுத் தண்ணீர் படாத மொட்டுக் கூடையோடு வந்தாள். சாயத் தண்ணீரை மேலே ஊற்றினேன். கரி அதை மெல்லக் குடித்தது. இருவரும் டிரம்மின் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். பஞ்சு எங்கள் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்துக் குழாயைத் திறந்தேன்.

சிவப்பு.

பட்டென்று மூடினேன். கனவில் வந்த கிணறு கிண்ணத்துக்குள் கிடந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு பட்டறைச் சாவியை நீட்டினேன்.

"மனுவெல்லாம் வேணாங்க்கா. நானே பூட்டிர்றேன்."

அக்கா சாவியை வாங்கவில்லை. குனிந்து குழாயின் வாயைப் பார்த்தாள். பிறகு திருதிருவென்று முழித்தாள்.

"ஏத்தா, அது சாயமில்ல. குங்குமம்."

"குங்குமமா?"

"நேத்து நீ போன பெறகு நாந்தேன் வந்து வச்சேன். புது மிஷினுக்குச் சாமி கும்புடாம ஆரம்பிச்சா வெளங்குமா? டிரம்முல அந்தப் பக்கம் ஒரு பொட்டு, இங்கன குழாய் வாயில ஒரு பொட்டு. கொஞ்சம் தாராளமா அப்பிட்டேன் போல."

"பூட்டச் சொல்வேன்னு மெரட்டுனதே நீங்கதான!"

"மெரட்டத்தேன் செஞ்சேன். பூட்டணும்னா சாமிகிட்ட வேண்டுனேன்?"

விரலால் குழாயின் உள்வாயைத் துடைத்துவிட்டுத் திறந்தாள். ஒரு சிவப்பு இழை ஓடியது, வெளுத்தது, காணாமல் போனது. அப்புறம் விழுந்த தண்ணீருக்கு நிறமே இல்லை. அக்கா கிண்ணத்தைக் கொட்டிக் கழுவி அந்தத் தண்ணீரைப் பிடித்து, கை நிறைய மொட்டை அள்ளி அதில் போட்டாள். மொட்டு சிவக்கிறதா என்று பார்த்தபடி வெயில் ஏறும்வரை நாங்கள் எழவில்லை. கிண்ணத்தில் ஒரு பஞ்சு வந்து விழுந்தது. அதுவும் மொட்டுகளும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன.

அக்கா என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிவிட்டாள்.

"எந்திரி, சாயம் போட நேரமாச்சு."

அவள் விரல் குங்குமம் என் புதுச் சேலையில் பட்டுவிட்டது. வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.