வருஷம் எழுதாத சீட்டு

"முதல் திதி இலவசம்" என்று தில்லை நகரில் ஒரு பலகை வைத்தார்கள். அதைப் படித்துச் சிரித்தவர்களில் அனுசுயாவும் ஒருத்தி. அந்த வாரமே, பலகை வைத்த வளவனின் கம்பெனியிலிருந்து அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவள் தொழில் செய்யும் முறைக்குத் தாங்கள் பேடன்ட் கேட்டிருப்பதாகவும், அதை உடனே நிறுத்திக்கொள்ளும்படியும் எழுதியிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் அனுசுயாவுக்கு இலைக்கடை. சிரார்த்தத்துக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நிற்பதை அவள் கவனித்திருந்தாள். செத்தவர்களுக்காக இன்னின்ன வேண்டும் என்று கடைத்தெருவில் வாய்விட்டுக் கேட்பது லேசில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு தடவை திதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியதில்லை. முதல் நாள் சாயங்காலம் இலை, வாழைக்காய், எள், தர்ப்பை, பிரண்டை எல்லாம் ஒரு பையில் வாசல் கொக்கிக்கு வந்துவிடும். எந்த வீட்டில் புடலங்காய் சேர்ப்பதில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியும். வீடுகள் பெருகியதும் மகள் இளவேனில் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாள். அதுவே திதியைக் கணக்குப் போட்டுப் பையில் குத்தச் சீட்டும் அச்சடித்தது.

வளவன் முசிறியிலிருந்து அவளுக்கு இலை போட்டவன். நாலு வருஷம் கூட்டாளியாக இருந்துவிட்டுப் பிரிந்து போனான். நோட்டீஸோடு அவன் ஆபீஸுக்கே போனாள்.

"என் கடையில உக்காந்து பாத்துத்தானே இதை எழுதின?"

"பாத்தேன்னு எங்கக்கா எழுதியிருக்கு?" என்றான் வளவன். "காட்டுங்க, நானே கிழிச்சுப் போட்டுடுறேன்."

"உங்கம்மா திதிக்கு இலை அனுப்பினது யாருப்பா?"

"அதுக்குத்தான் இப்ப ஊருக்கே இலவசமா அனுப்புறேன். டீ சொல்லட்டுமா?"

டீ வேண்டாம் என்று எழுந்து வந்தாள்.

வக்கீல் இன்ஷா சின்னப் பெண். நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள்.

"வெறும் வியாபார முறைக்கு நம்ம நாட்டுல பேடன்ட் கிடையாதுக்கா. அதனாலதான் கம்ப்யூட்டர் சிஸ்டம்னு ஜோடிச்சிருக்காங்க. இன்னும் கொடுக்கல. நாம ஆட்சேபணை போடலாம்."

"கொடுத்துட்டா?"

"கேக்காம ஒரு வீட்டுக்கும் நீங்க அனுப்ப முடியாது. தடை வாங்கிடுவாங்க. அவங்க விண்ணப்பம் போட்டது 2023. அதுக்கு முன்னாடியே நீங்க இதைச் செஞ்சீங்கன்னு காட்டத் தேதியோட காகிதம் வேணும்."

அங்கேதான் இடித்தது. பழைய கம்ப்யூட்டர் கெட்டு எடைக்குப் போய்விட்டது. சிரார்த்தச் சாமானுக்கு யாரும் பில் கேட்பதில்லை. சீட்டிலோ "ஆவணி, தேய்பிறை, பஞ்சமி" என்று இருக்குமே தவிர வருஷம் இருக்காது. திதி வருஷா வருஷம் வருவது. அதற்கு எதற்கு வருஷம் என்று அச்சடிக்கும்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சீட்டையும் இலை நறுக்கோடு குப்பையில் போடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம்.

ஒரே ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். கீழச் சித்திரை வீதி ஆராவமுதன், பொன்மலை ரயில்வே ஆபீஸில் ரெக்கார்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை இல்லை, மனைவி கோமளவல்லியின் சிரார்த்தத்தை அவரே செய்கிறார். ஊரடங்கு வருஷத்திலும் கொக்கியில் பை தொங்கியதை அவர் மறக்கவில்லை. விஷயம் காதில் விழுந்ததும் அவரே போன் செய்தார்.

"அவா விண்ணப்பத்துக்கு முன்னாடி ஆறு வருஷத்துச் சீட்டும் இருக்கு அனுசுயா. அந்தந்த வருஷத்துப் பஞ்சாங்கத்துல, அந்தந்தப் பக்கத்துலயே வச்சிருக்கேன். பெருமாள் உன்னைக் கைவிடமாட்டார்."

அனுசுயா இதைச் சொன்னதும் இன்ஷா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "பஞ்சாங்கத்துல வருஷம் அச்சாயிருக்குமே! இதைவிட வேறென்னக்கா வேணும்? யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிடுங்க. நாளைக்கு நானே வந்து போட்டோ பிடிச்சு எடுத்துக்கிறேன்."

அனுசுயா போனை எடுத்தாள். "தொடாதீங்க" என்றுதான் சொல்ல நினைத்தாள். எத்தனை வருஷமானாலும் கொக்கியைத் தாண்டி உள்ளே போகாதவள் அவள். அந்த வீட்டுக்காரரிடம், அவருடைய பொருளையே தொடாதீர்கள் என்று சொல்வதா?

"நாளைக்கு வந்து வாங்கிக்கிறோம் சாமி," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவர் குளித்து, திருமண் இட்டு, வாசலிலேயே காத்திருந்தார். கையில் ஒரு புது ஃபைல். ஆறு சீட்டையும் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் நீல மையில், முத்து முத்தான எழுத்தில் வருஷம் எழுதியிருந்தார். ஹேவிளம்பி, விளம்பி, விகாரி, சார்வரி, பிலவ, சுபகிருது.

"வருஷம் இல்லேன்னுதானே சொன்னா? ராத்திரியே எழுதிட்டேன். ஒரு பிழை இருக்காது."

இன்ஷா அவரைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "பஞ்சாங்கமெல்லாம் எங்க சார்?"

"சீட்டை எடுத்தப்புறம் அது எதுக்கு? பெருமாள் பேர் போட்ட புஸ்தகம், பழைய பேப்பர்காரன்கிட்ட போடலாமோ? காலம்பற அம்மா மண்டபத்துல காவேரியில சேர்த்துட்டேன்."

அன்பினால் செய்த காரியம். அவரை என்னவென்று கேட்பது? அனுசுயா ஃபைலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பேடன்ட் ஆபீஸ் விசாரணை வீடியோவில் நடந்தது. சீட்டைத் திரையில் பெரிதாக்கி, "மை காயவே இல்லையே," என்றார் வளவனின் வக்கீல். இன்ஷா ஒரு மணி நேரம் வாதாடினாள். ஆராவமுதனின் வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினாள். திருத்திய காகிதம் செல்லாது; வாக்குமூலம் மட்டும் போதாது என்று உத்தரவு வந்தது. பேடன்டை வளவனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே தடையும் வந்தது.

ஆவணி பிறந்தது. பஞ்சமிக்கு இரண்டு நாள் முன்னால் அனுசுயா கீழச் சித்திரை வீதிக்குப் போனாள்.

"வா, வா. ஃபைல் பிரயோஜனப்பட்டுதோ?" என்றார் ஆராவமுதன்.

"ரொம்ப உதவியா இருந்துச்சு சாமி."

பொய்தான். இந்தப் பொய்யைக் கடவுள் கணக்கில் வைக்கமாட்டார் என்று அவள் நம்பினாள்.

"இந்த வருஷத்துலேர்ந்து ஒரே ஒரு மாத்தம் சாமி. நீங்க கேக்கணும். கேட்டாத்தான் அனுப்ப முடியும்."

"நான் என்னத்தைக் கேக்கறது? உனக்குத் தெரியாததா?"

"தெரியும் சாமி. ஆனா நீங்க வாயால சொல்லணும். சட்டம் அப்படி ஆயிடுச்சு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வீதியில் இரண்டு ஆட்டோ போய் ஓசை அடங்கியது. முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்க அவளால் முடியாது. கடைசியில் நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"கோமளா காலமாயிட்டா, அனுசுயா. ஏழு இலை வேணும்."